குயிலோடு சேர்த்து வெட்டிய தில்லானா

பகலில் கப்பல் சரக்குப் பெட்டிகளின் கணக்கைப் பார்ப்பது என் பிழைப்பு. இரவில் பிள்ளைகள் தூங்கியதும், சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் நாலறை வீட்டின் கடைசி அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டை வெட்டி ஒட்டுவது என் பைத்தியம். என் மனைவி இதை "வெட்டி வேலை" என்பாள். இரண்டு அர்த்தத்திலும் சரிதான்.

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த பரதநாட்டிய டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். ஆண்டு விழாவில் பெரிய பிள்ளைகள் ஆடுவதற்கு ஒரு தில்லானா வேண்டும், பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டார். அரங்கேற்றம் என்றால் சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைப்பார்கள். ஆண்டு விழாவுக்கு யார் அவ்வளவு வெள்ளி செலவழிப்பது? பாட இங்கேயே ஒரு அக்கா இருந்தார். மிருதங்கத்துக்குக் கோயில் கச்சேரிகளில் வாசிக்கும் அண்ணன் ஒருவர். நட்டுவாங்கம், அதாவது கைத்தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது, டீச்சரே. வயலினைச் சென்னை நண்பர் தன் வீட்டிலிருந்தே வாசித்து அனுப்புவார். வீணை மட்டும் என் கீபோர்டில், மிடியாக (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்).

ஆறு நிமிடப் பாட்டு. மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். ஏழு வாரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் நானே போட்ட முடிச்சை நானே அவிழ்த்த காலம். அந்த முடிச்சுகளைத்தான் எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். நீங்கள் கியூபேஸோ லாஜிக்கோ வைத்திருந்தாலும் முடிச்சுகள் இவையேதான், மெனுவில் பெயர் மட்டும் மாறும்.

முதலில் இடம். எங்கள் வீட்டில் பாம் ஷெல்ட்டர், குண்டுவீச்சுக்கு ஒதுங்கும் சிறு அறை, உண்டு. கெட்டியான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, வெளிச் சத்தம் ஒன்றும் வராது. இதைவிட நல்ல ஸ்டூடியோ எங்கே கிடைக்கும் என்று நினைத்து, உள்ளே இருந்த அரிசி மூட்டை, சைக்கிள், தீபாவளி அலங்காரப் பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். அக்கா உள்ளே நின்று ஒரு வரி பாடினார். கேட்டால் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பாடிய மாதிரி இருந்தது. வெளிச் சத்தம் வராத அறையில் உள்ளே எழும் சத்தமும் வெளியே போகாது. நான்கு சுவருக்குள் மோதிக்கொண்டே இருக்கும். அந்த எதிரொலி பதிவில் ஏறிவிட்டால் எந்த எடிட்டும் அதை முழுசாக எடுக்காது. பொருளையெல்லாம் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, படுக்கையறையில் துணி அலமாரிக் கதவுகளை விரியத் திறந்து, அக்காவின் முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்தி வைத்தேன். அது போதுமானதாக இருந்தது.

நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்குப் பக்கத்து வீடுகளில் புதுப்பிப்பு வேலைக்கு அனுமதி கிடையாது, அதனால் துளைபோடும் சத்தம் இல்லை. ஆனால் மதியத்துக்கு மேல் புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம் இருந்தால் கொம்பாங் என்ற கைமேளம் அடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் வரும். ஒருமுறை அக்கா சரணம் பாடும்போது சரியாக அது வந்தது. தாளம்கூட ஏறக்குறைய ஒத்துப்போனது என்று அண்ணன் சிரித்தார். ஆக, எங்களுக்குக் கிடைத்தது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த மூன்று மணி நேரத்திலும் எதிர் மரத்துக் குயில் விடவில்லை. இந்த ஊரில் குயிலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவரைவிட அதன்மேல் புகார் சொல்கிறவர்தான் அதிகம் என்பது என் கணிப்பு. அதன் கூவல் அக்காவின் குரல் நடமாடும் இடத்திலேயே வந்து நிற்கிறது. வடிகட்டினால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

மைக்குக்காக ஏர்கானை அணைத்தோம். அங்கே ஒரு பாடம். அண்ணன் குளிர்ந்த அறையில் மிருதங்கத்தை அக்காவின் சுருதியான ஐந்து கட்டைக்குச் சேர்த்துவிட்டு உட்கார்ந்தார். ஏர்கான் நின்று அரை மணி நேரத்தில் ஈரக் காற்றில் தோல் தளர்ந்து, சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது. வாசிக்கும்போது எங்களுக்குத் தெரியவில்லை. முதல் டேக்கின் (ஒரு முறை வாசித்த பதிவு) முன்பாதியையும் ஆறாவது டேக்கின் பின்பாதியையும் ஒட்டிப் பார்த்தபோதுதான், நடுவில் மிருதங்கத்தையே மாற்றிவிட்ட மாதிரி கேட்டது. அதன்பின் அடுத்தடுத்த டேக்குகளிலிருந்து மட்டும்தான் எடுத்து ஒட்டுகிறேன். கால் மணிக்கு ஒருமுறை எல்லாரையும் நிறுத்திச் சுருதி சேர்க்கச் சொல்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கும். எடிட் செய்கிறவனின் அலுப்பு அதைவிடப் பெரியது.

இனி முக்கியமான சொதப்பல். அதற்கு முன் ஆடியோவும் மிடியும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தாலும் ஒரே சாதி இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆடியோ என்பது பாடி முடித்த பாட்டு. மிடி என்பது சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம். 1983இல் வந்த அந்த ஏற்பாட்டில் ஒலி என்று ஒரு துளிகூடக் கிடையாது. கீபோர்டில் எந்தக் கட்டை, எப்போது அழுத்தினாய், எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எப்போது விட்டாய், இப்படிப்பட்ட செய்திகள்தான். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். அழுத்திய வேகத்துக்கும் அதே அளவு. நோட்டுப் புத்தகத்தில் ரப்பர் போட்டு அழித்து எழுதலாம், ஒன்றும் ஆகாது. பாடி முடித்த பாட்டை அப்படி அழிக்க முடியாது. இது எனக்குப் புத்தியில் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

முதல் ஞாயிறு டீச்சரும் அண்ணனும் ஹாலில் உட்கார்ந்து, அறையிலிருந்து அக்கா வழிகாட்டிக் குரல் கொடுக்க, ஒன்றாக வாசித்தார்கள். வேகம் காட்டும் கிளிக் சத்தம் போடவில்லை. டீச்சர் கிளிக்கைக் கேட்டதும் முகம் சுளித்தார்: "இது டிக் டிக்னு அடிச்சா என் கை நட்டுவாங்கமே பண்ணாது தம்பி." சரி என்று விட்டுவிட்டேன். ஆதி தாளம், ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 84 அட்சரம், அதாவது 84 தாள எண்ணிக்கை. முடிவில் அளந்து பார்த்தால் 90. ஆடுகிறவர்களோடு வாசிக்கும்போது இப்படித்தான் சூடு ஏறும்.

நான் என்ன செய்தேன்? அன்றிரவே மென்பொருளை 84 என்று பூட்டி, மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டையும் கண்டுபிடிக்கச் சொல்லி, எல்லாவற்றையும் கட்டத்துக்குள் இழுத்து உட்காரவைத்தேன். அதாவது குவான்டைஸ். ஒரே பட்டன். திரையில் பார்க்க அவ்வளவு அழகு, ராணுவ அணிவகுப்பு மாதிரி.

கேட்டபோது மூன்று கோளாறுகள் சேர்ந்து வந்தன. முதலாவது, மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்திருந்தேன், வலப்பக்க வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத் தொப்பிக்கு ஒன்று. ஒரே தட்டு இரண்டு மைக்கிலும் விழும், தூரத்து மைக்கில் ஓரிரண்டு மில்லிசெகண்ட் தாமதமாக. அந்தச் சின்ன இடைவெளிதான் அந்த வாத்தியத்தின் உடம்பு. நான் இரண்டு ட்ராக்கையும் தனித்தனியாகக் குவான்டைஸ் செய்ததால், ஒன்று 4 மில்லிசெகண்ட் முன்னால் போனது, மற்றது 7 பின்னால் வந்தது. தொப்பியின் "தொம்" காணாமல் போய் அட்டைப்பெட்டி சத்தம் வந்தது. இரண்டாவது, டீச்சரின் கைத்தாளம் அந்த மைக்குகளிலும் கேட்கிறது. வெண்கலம் எங்கேயும் புகுந்துவிடும். மிருதங்கத்தை இழுத்தபோது அதில் ஒட்டியிருந்த தாளச் சத்தமும் நகர்ந்து, தாளத்தின் சொந்த ட்ராக்கோடு சேராமல் "சிங்ங்" என்று இரட்டையாக விழுந்தது. மூன்றாவது கோளாறு, எல்லாவற்றிலும் பெரியது. டீச்சருக்கு அனுப்பினேன். மறுநாள் குரல் பதிவு வந்தது: "தம்பி, எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா கால் வைக்க இடமே இல்லையே."

இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வழி தெரிந்த பிறகு ஒரு மாலைதான். மனிதரைக் கட்டத்துக்கு இழுக்காமல், கட்டத்தை மனிதருக்கு இழுக்க வேண்டும். டெம்போ மேப், வேக வரைபடம், என்பார்கள். பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) சமத்திலும், அதாவது சுற்று தொடங்கும் தட்டிலும், ஒரு கோடு போட்டேன். இங்கே சமம், அங்கே அடுத்த சமம், நடுவில் எட்டு அட்சரம் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால், அந்த ஆவர்த்தனத்தின் வேகத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். 5.7 செகண்டில் தொடங்கிய ஆவர்த்தனம் கடைசியில் 5.3 செகண்டுக்கு வந்திருந்தது. மொத்தம் 65 கோடுகள். இப்போது டீச்சரின் கை எப்படிப் போனதோ கட்டமும் அப்படியே போகிறது. நான் வாசிக்கும் மிடி வீணை அந்தக் கட்டத்தில் தானாக உட்கார்கிறது.

இதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்தேன். டெம்போ மாற்றும்போது மிடி நகர வேண்டும், பதிவான ஆடியோ நகரக் கூடாது. ஒவ்வொரு ட்ராக்கும் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கிறதா, தாள அட்சரத்தோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு அமைப்பு எல்லா மென்பொருளிலும் எங்காவது ஒளிந்திருக்கும். நான் பார்க்காமல் கோடு போட ஆரம்பித்ததால், ஒவ்வொரு கோட்டுக்கும் ஆடியோ இழுபட்டு, இழுபட்ட ஆடியோவுக்கு நான் அடுத்த கோடு போட்டு, பதினைந்தாவது ஆவர்த்தனத்தில் அக்கா தூக்கத்தில் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. கோடு போடுமுன் ஆடியோ ட்ராக்குகளை நேரத்தோடு கட்டிவிடுங்கள்.

அதன்பின் மிருதங்கத்தில் நான் கைவைத்தது ஆறு நிமிடம் முழுக்க இல்லை, மொத்தமே ஒன்பது இடங்கள். நிஜமாகவே தவறிய தட்டு, ஒரு பகுதியை முடிக்கும் தீர்மானம் வந்து சமத்தில் விழும்போது இருவரும் சேராத இடம், அப்படி. ஒவ்வொரு முறையும் மிருதங்க மைக் இரண்டையும் தாளத்தையும் ஒரே குழுவாகச் சேர்த்து, மூன்றையும் ஒரே கோட்டில் வெட்டி, மூன்றையும் ஒன்றாக நகர்த்தினேன். தட்டின் தலையில் வெட்டாமல் அதற்குச் சற்று முன்னால் வெட்டினேன். தட்டு எழும் முனையை வெட்டினால் அது மொட்டையாகக் கேட்கும்.

மிடி வீணையிலும் குவான்டைஸ் என்னைச் சும்மா விடவில்லை. நடுவில் திஸ்ர நடையில், அதாவது அட்சரத்துக்கு மூன்றாக, ஒரு கோர்வை (கணக்காகக் கோத்த தாளக்கட்டு) வருகிறது, தகிட தகிட என்று. கட்டமோ சதுஸ்ர நடையில், அட்சரத்துக்கு நான்காக நிற்கிறது. 84 வேகத்தில் ஒரு அட்சரம் 714 மில்லிசெகண்ட். தகிட என்றால் அதை மூன்றாகப் பிரித்து 238, 238, 238. கட்டம் அதைப் பக்கத்துக் கோட்டில் ஒட்டியபோது 179, 357, 179 ஆகிவிட்டது. கேட்டால் நொண்டிக்கொண்டு படியேறுகிற மாதிரி இருந்தது. கோர்வை வரும் ஆவர்த்தனங்களுக்கு மட்டும் கட்டத்தை மூன்றாக மாற்றினேன். அதிலும் முழு பலத்தில் இழுக்காமல் பாதி பலத்தில் இழுத்தேன். 20 மில்லிசெகண்ட் விலகியது 10ஆக வரும், கை வாசித்த வாசனை மிச்சமிருக்கும்.

மிடியில் இன்னும் இரண்டு இடங்களில் இரவைத் தொலைத்தேன். வீணையின் கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைப்பதற்கு, கீபோர்டின் இடப்பக்கச் சக்கரம், பிட்ச் பெண்ட். அது எவ்வளவு வளைந்தது என்பது மட்டும்தான் மிடியில் பதிவாகும். அந்த வளைவு எத்தனை சுரத்துக்குச் சமம் என்பதை ஒலி கொடுக்கும் கருவிதான் தீர்மானிக்கும். நான் வாசித்தபோது இருந்த வீணை இரண்டு அரைச்சுரம் வரை வளையும். பிறகு இதைவிட நல்ல வீணை ஒன்று கிடைத்தது என்று மாற்றினேன். அது பன்னிரண்டு வரை வளையும். அரைச்சுரம் அசைய வேண்டிய கமகம் ஆறு அரைச்சுரம் தாவியது. யாரோ வீணையைத் தரையில் தேய்ப்பது போலிருந்தது. குறை வீணையில் என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடினேன். ஒரே ஒரு எண்ணை 12இலிருந்து 2 ஆக்கியதும் சரியானது. இன்னொன்று, அந்தச் சக்கரம் நடுவுக்குத் திரும்புமுன் மிடித் துண்டை வெட்டினால், அடுத்து வரும் சுரங்கள் எல்லாம் சுருதி விலகியே நிற்கும். நடு என்பது 8192 என்ற மதிப்பு. வெட்டிய இடத்தில் அதைக் கையால் ஒருமுறை வைத்துவிட வேண்டும்.

சுரத்தை நீட்டி ஒலிக்கவிடும் கால் பெடலும் அப்படித்தான். ஓர் இரவு ஒரு மணிக்கு, பாட்டு முடிந்தும் வீணை நிற்கவில்லை. நிறுத்தினேன், மறுபடி ஓட்டினேன், மறுபடி நிற்கவில்லை. சுரம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், எல்லாம் முடிந்துதான் இருந்தன. பெடலை அழுத்திய செய்தி நான் வைத்துக்கொண்ட துண்டில் இருந்தது, காலை எடுத்த செய்தி நான் வெட்டி எறிந்த துண்டில் இருந்தது. பாவம், அந்த வீணை என் கால் எழும்பும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெடல் இருப்பது 64ஆம் எண் கட்டுப்பாட்டில். மிடியை வெட்டுகிறவர்கள் சுரங்களை மட்டும் பார்க்காமல் கீழே இருக்கும் அந்தத் தடத்தையும் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

வயலின் கதை சின்னது. நண்பருக்கு வழிகாட்டியை எம்பி3ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அருமையாக வாசித்து அனுப்பினார். வைத்துப் பார்த்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் பின்தங்கி நிற்கிறது. அவர் மேல் சந்தேகப்பட்டேன், தப்பு. எம்பி3ஆக மாற்றும்போது கோப்பின் தலையில் ஒரு துளி வெற்றிடம் சேர்ந்துவிடும், சில பத்து மில்லிசெகண்ட். அந்த வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் அவர் வாசித்திருக்கிறார். இப்போது வேவ் கோப்பாகவே அனுப்புகிறேன். பாட்டு தொடங்குமுன் ஒரு கைதட்டல் வைக்கிறேன், அது அவருடைய பதிவிலும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு தட்டலையும் பொருத்தினால் வேலை முடிந்தது.

இனி அக்காவின் குரல். எனக்கு இதில்தான் உண்மையான சந்தோஷம் கிடைத்தது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

குரலைத் தனியாக, தம்புரா ஹெட்ஃபோனில் மட்டும் ஓட, ஐந்து டேக் எடுத்தோம். தம்புராவை அறையில் ஒலிக்கவிட்டிருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் தம்புராவும் வெட்டுப்பட்டு மாட்டிக்கொண்டிருப்பேன். இது மட்டும் எப்படியோ முன்கூட்டியே தோன்றியது. ஐந்திலிருந்து நல்ல வரிகளை எடுத்து ஒன்றாகக் கோக்க வேண்டும். சொற்கட்டு வரும் பல்லவியில் பிரச்சினை இல்லை. சரணத்தில் டீச்சர் எழுதிய சாகித்தியத்தில் "சிற்றம்பலத்தில்" என்று ஒரு சொல். இரண்டாவது டேக்கில் "சி" எடுத்த எடுப்பு அபாரம், நான்காவது டேக்கில் "அம்பலத்தில்" இழைந்து இறங்கியது அபாரம். இரண்டையும் ஒட்டியாக வேண்டும்.

அலை வடிவத்தில் எங்கே சின்னதாக இருக்கிறதோ அங்கே வெட்டு என்றுதான் எல்லாரும் சொல்லித்தருவார்கள். நான் "ம்" சின்னதாகத் தெரிந்ததால் அங்கே வெட்டினேன். ஒட்டு பளிச்சென்று கேட்டது. மெல்லினம் மூக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒலி; ஒரு டேக்கின் மூக்கும் இன்னொரு டேக்கின் மூக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கிராஸ்ஃபேடை (ஒன்று மங்க மற்றது எழும் ஒட்டு) நீட்டினேன், குறைத்தேன், இரண்டு அக்கா ஒரு நொடி சேர்ந்து முனகுவது நிற்கவில்லை. திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோதுதான் அதற்கு முன்னால் "ற்ற" கண்ணில் பட்டது. "சி" முடிந்து "ற" வெடிக்குமுன், சில பத்து மில்லிசெகண்ட் தூரத்துக்குக் கோடு தட்டையாக, ஒன்றுமே இல்லாமல் கிடந்தது. நாக்கு மேலண்ணத்தை அடைத்துக்கொண்டு காற்றை நிறுத்தி வைத்திருக்கும் நேரம் அது. அங்கே வெட்டினேன். 5 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட். ஒட்டு எங்கே என்று எனக்கே இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்காம் வகுப்பில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மனப்பாடம் செய்தது இதற்கு உதவும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஒழுங்காகப் படித்திருப்பேன். க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற: வல்லினம் இரட்டிக்கும் இடமெல்லாம் தமிழ் நமக்கு இலவசமாகக் கொடுத்து வைத்திருக்கும் மௌனம். பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை மஞ்சள் மையால் குறித்துவிடுகிறேன். எடிட் தொடங்குமுன்பே வெட்டும் இடங்கள் கையில் இருக்கும். ய, ர, ல, வ, ழ, ள வரும் இடங்களில் வெட்டுவதில்லை. நெடிலை இழுத்துக் கமகம் போட்டுக்கொண்டிருக்கும்போது வெட்டவே கூடாது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு டேக்கிலும் அலைவு ஒரே திசையில் போகும் புள்ளியைத் தேடி, கிராஸ்ஃபேடை 30, 40 மில்லிசெகண்ட் என்று நீட்டிப் பார்க்கலாம். பாதி நேரம் அதுவும் கைகொடுக்காது. அப்போது அக்காவுக்குப் போன் செய்து மறுபடி பாடச் சொல்வதுதான் வேகமான எடிட்.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரிகளுக்கு இடையே அக்கா மூச்சு வாங்கும் சத்தத்தையெல்லாம் துடைத்து எடுத்தேன். அவருக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "ஏன்டா, நான் பாடுறேனா இல்ல தண்ணிக்குள்ள கிடக்குறேனா?" என்றார். எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். துருத்திக்கொண்டு கேட்ட நான்கைந்தை மட்டும் 6 டெசிபல் இறக்கினேன்.

சுருதி திருத்தும் கருவியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ராகத்துக்கு உரிய சுரங்களை மட்டும் சொல்லிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். அதற்குத் தெரிந்தது பன்னிரண்டு நேர்கோடுகள். காந்தாரத்தை அக்கா அசைத்ததை அது தவறு என்று எடுத்துக்கொண்டு இஸ்திரி போட்டது. ராகம் போய்விட்டது, சுரம் மட்டும் மிச்சம். இப்போது அசையாமல் நீண்டு நிற்கும் சுரம் ஒன்று கொஞ்சம் இறங்கி நின்றால் அதை மட்டும், கையால், தனியாகத் தூக்கிவிடுகிறேன். முழுப் பாட்டுக்கும் அந்தக் கருவியைப் போட்டுவிட்டுக் கர்நாடக சங்கீதம் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, அது வேறு விஷயம்.

மின்சார இரைச்சல் ஒன்றும் இருந்தது, மடிக்கணினியின் சார்ஜரால். யூடியூபில் ஒரு அமெரிக்கர் சொன்னபடி 60 ஹெர்ட்ஸில் வெட்டினேன், அசையவில்லை. அவர்கள் ஊர் மின்சாரம் 60, நம்முடையது 50. அதன் மடங்குகள் 100, 150. சரி என்று 150இலும் அகலமாக ஒரு வெட்டுப் போட்டேன். அக்கா மந்தரப் பஞ்சமத்துக்கு இறங்கும் இடத்தில் குரல் திடீரென்று மெலிந்தது. ஐந்து கட்டைக்கு சட்ஜம் 196 ஹெர்ட்ஸ் பக்கம், அதன் கீழ்ப் பஞ்சமம் 147. நான் இரைச்சல் என்று வெட்டியதில் அவருடைய பஞ்சமமும் போயிருக்கிறது. வெட்டை ஊசி மாதிரி ஒடுக்கி, அதையும் அவர் பாடாத இடங்களுக்கு மட்டும் போட்டேன். அடுத்த பதிவிலிருந்து சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுகிறேன்.

ஏழாவது வாரம் எல்லாம் முடிந்து அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலை தேக்காவில் ஒரு மசால் தோசையை முன்னால் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. கடைசிக் கோர்வைய இன்னொரு தடவ வைக்க முடியுமா? பிள்ளைங்க ரெண்டு வரிசையா மாற நேரம் பத்தல."

மூன்றாவது வாரமாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். இப்போது சமத்துக்குச் சமம் கோடு இருக்கிறது, மூன்று ட்ராக்கும் ஒரே குழுவில் இருக்கின்றன. கோர்வை தொடங்கும் கோட்டிலிருந்து முடியும் கோடு வரை எல்லா ட்ராக்கையும் பிடித்து, நகலெடுத்து, பின்னால் வருவதைத் தள்ளிவிட்டு நடுவில் வைத்தேன். மிடி வீணையில் பெடல் எழும்பியிருக்கிறதா, சக்கரம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருபது நிமிடம்.

ஓட்டிக் கேட்டேன். கோர்வையின் மூன்றாவது தகிடவுக்குப் பின்னால் குயில் ஒருமுறை கூவுகிறது. அந்த டேக்கில் அது இருந்தது, வாசிப்பு நன்றாக இருந்ததால் நான் விட்டுவைத்த குயில். நகலிலும் அதே தகிடவுக்குப் பின்னால், அதே சுருதியில், அதே கூவல். ஒருமுறை கூவினால் யீஷூன். இரண்டு முறை அச்சு அசலாகக் கூவினால் அது கணினி. நகலை எடுத்துவிட்டு, அடுத்த டேக்கிலிருந்து அதே கோர்வையை எடுத்து வைத்தேன். இரண்டு டேக்குக்கும் நடுவில் பத்து நிமிட இடைவெளிதான் என்பதால் மிருதங்கத்தின் சுருதி சேர்ந்தது.

விழா முடிந்து எல்லாரும் மேடையிலிருந்து இறங்கியதும் அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பாட்டு எப்படி, வாசிப்பு எப்படி என்று எதுவும் சொல்லவில்லை.

"என்னப்பா, கோர்வை ரெண்டாவது தடவ வரும்போது குயிலு லீவு போட்டுடுச்சா?" என்றார்.